மூன்று நிமிடம்

பெயர் 'ர்' என்று முடியும் மாதத்தில் தோண்டு
என்றாள் அடுத்த பாத்தி ஹெட்விக்.
நவம்பர்.
ஹாம் நகரில், ரயில்பாதையோரம்,
பதினாறாம் எண் தோட்டம்.
உறைபனியில் இலைகள் கருகிக் கிடந்தன.

மண்வாரியை மிதித்ததுமே
எதையோ நறுக்கிய ஓசை.
பாதி வேர் உள்ளேயே நின்றுவிட்டது.
விரலளவு துண்டு போதும் அதற்கு,
மே மாதம் வேலிக்கு அந்தப்பக்கம் எழுந்து நிற்கும்.
போன வருடமும்
முழுக்க எடுத்தாயிற்று என்றுதான் நினைத்தோம்.

கடல்முள்ளங்கி என்கிறார்கள் இங்கே.
கடல் எங்கே,
இருநூறு கிலோமீட்டர் தள்ளி.

கழுவி முகர்ந்தால் ஒன்றுமில்லை,
கொஞ்சம் ஈரமண்.
துருவியில் இழுத்த பிறகுதான்
மூக்கின் உச்சியில் ஆணி இறங்குகிறது.

உடனே வினிகர் ஊற்றினால் சாது.
மூன்று நிமிடம் விட்டு ஊற்றினால்
ஏறிய காரம் ஏறியபடி நிற்கும்,
பிறகு லிட்டர் கணக்கில் ஊற்றினாலும் இறங்காது.

பூட்ஸைக் கழற்றாமல் கதவருகே நின்று
"நேற்று நான் அப்படிச்
சொல்லியிருக்கக் கூடாது" என்றாய்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.
வினிகர் புட்டி கையில் திறந்தே இருந்தது.
கண்ணிலிருந்து வழிந்ததற்கு
இரண்டு பேரும் முள்ளங்கியைப் பார்த்தோம்.

ஜன்னலைத் திற என்றேன்.
உருளைக்கிழங்கு வெந்துவிட்டதா பார்.