இடது பாதி

வாசா, பின்லாந்து. 1946, சனவரி.

வானொலி அலட்டிக்கொள்ளாமல் சொன்னது:
பெரிய நோட்டுகளை நடுவில் வெட்டுங்கள்.
இடது பாதி செல்லும், பாதி விலைக்கு.
வலது பாதி
அரசாங்கத்துக்குக் கடன்.

வங்கியில் போட்டவர்களுக்குக் கத்தரி இல்லை.
மாவு டப்பாவில் வைத்தவள் ஹெல்வி.

மீன் செதில் ஒட்டிய கத்தரியைத்
துடைத்துக்கொண்டு வந்தாள்.
ஆர்வோ இடது உள்ளங்கையால்
நோட்டை மேசையோடு அழுத்திக்கொண்டான்.
மூன்றாவது நோட்டு கோணிப்போய்
அச்சில் நின்ற யாரோ ஒருத்தியின் தோள்
இந்தப் பக்கமே தங்கிவிட்டது.
"இது செல்லுமா?"
"பால்காரனிடம் தள்ளிப் பார்க்கலாம்."

ஸ்விர் ஆற்றங்கரையில் போனது அவன் வலது கை.
அதற்கு ரசீது கிடையாது.

இதற்கு உண்டாம்.
மூன்று வருடம், நூற்றுக்கு இரண்டு வட்டி.
வலது பாதிகளை எண்ணி உறையிலிட்டாள்.

பிறகு அவன் கோட்டின் காலிக் கையை மடித்து
ஊக்கு குத்திவிட்டாள்.
கோணல் நோட்டோடு
பாலுக்குக் கிளம்பினான்.