ஒன்றுக்கு முக்கால்

ஒரு படி சாற்றுக்கு ஒரு படி சீனி.
அதுதான் கணக்கு.
அந்த வாரம் ஆ செங் கடையில்
ஆளுக்கு இரண்டு கிலோதான் என்று
அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்.
மறுபடி வரிசையில் நிற்க வெட்கப்பட்டு
முக்கால் போட்டேன்.

பழத்துக்குக் குறையில்லை.
சிம்பாங் ரெங்கம் லோரிக்காரன்
கொண்டை முறிந்த, ஒரு பக்கம் அடிபட்ட அன்னாசிகளைக்
கோணி ஐந்து வெள்ளிக்கு இறக்கிவிட்டுப் போவான்.
கண் கண்ணாகத் தோண்டி,
நடுத்தண்டை எறியாமல் அதையும் நறுக்கி,
பட்டை ஒரு துண்டு, கிராம்பு மூன்று,
தீயைத் தணித்துவிட்டு நின்றேன்.
முதலில் நுரை பெரிது பெரிதாகக் கிளம்பி
வாயாடிகள் மாதிரி வெடிக்கும்.
போகப் போகச் சிறுக்கும், தடிக்கும்,
பேச்சைக் குறைக்கும்.
அப்போது கரண்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.
கடைசிச் சொட்டு
விழலாமா வேண்டாமா என்று யோசித்தால்
பதம்.

அன்று யோசிக்கவில்லை. பொட்டென்று விழுந்தது.
நானும் பார்க்காத மாதிரி இறக்கிவிட்டேன்.

ஒன்பது போத்தல்.
நாலு, காக் சல்மாவின் ஐஸ் கச்சாங் கடைக்கு.
இரண்டு, கல்யாண வீட்டு அகார் அகாருக்கு,
முன்பணம் வாங்கியாயிற்று.
மிச்சம் மூன்று
என் குசினி மேசைக்கடியில்.

என் வீட்டுக்காரர் பெயர் சன்னாசி.
அன்னாசிக்கும் அவருக்கும் ஓரெழுத்துதான் தள்ளி என்று
செம்பனை ஆலையில் கேலி செய்வார்கள்.
அவர் சம்சுவை விட்டு
பதினோரு மாதம், நாலு நாள்.
நான் எண்ணுவது அவருக்குத் தெரியாது.
அவர் எண்ணுவது எனக்குத் தெரியும்:
ஆலை கொடுத்த காலண்டரில், தேதிக்கடியில்,
பென்சிலால் மயிரிழை மாதிரி ஒரு கோடு.

ஐந்தாம் நாள்
இரவு வேலை முடிந்து அவர் கதவைத் திறந்த நேரம்
மேசைக்கடியில் ஒரு மூடி தெறித்தது.
விளக்கைப் போடாமல் படுத்தபடியே கேட்டேன்.
உஸ்ஸென்று நீளமாய் ஒரு மூச்சு.
அதன் பின்னால் அந்த வாசம்.
சீனி பற்றாத சாறு
சும்மா கிடக்கத் தெரியாமல்
என் வீட்டுக்குள்ளேயே கள்ளாகியிருந்தது.

அவர் குனிந்தார். முட்டி சொடுக்கியது.
பிறகு ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லையை அளக்க
என்னிடம் படியில்லை.
எழுந்து போனால்
நம்பவில்லை என்று ஆகும்.
போகாவிட்டால் அவர் தனியாக, அதனோடு.
கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.
ரெங்கத்தில் நிற்காத ரயில் ஒன்று
போத்தல்களைக் கிணுகிணுக்க வைத்துவிட்டுப் போனது.

"தவமணி.
நீ தூங்கலன்னு தெரியும்.
வாளி எங்க?"

மூன்றையும் அவரே கொட்டினார்
பின்பக்கச் சாக்கடையில்,
முகத்தைத் திருப்பி, கையை மட்டும் நீட்டி,
பிள்ளையின் பீத்துணி அலசுகிற ஆம்பிளை மாதிரி.
விடிவதற்குள் எறும்புகள் வந்துவிட்டன.
அதுகளுக்கு ஒரு விரதமும் இல்லை.

காக் சல்மா ஒரு மூடியைத் திருகி மோந்து
இரண்டடி பின்னால் போய்,
அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.
காசைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கவில்லை.
"அடுத்த வாரம் நல்லதா நாலு கொண்டா."
கல்யாண வீட்டு இரண்டும்
அன்றைக்கே காய்ச்சி, இறுகி, துண்டாகி,
சம்பந்தி வீட்டார் வயிற்றில் சேர்ந்திருந்தன.
அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

ஆ செங் கடை வரிசையில்
எனக்கு முன்னால் அவர் நின்றார்.
ஆளுக்கு இரண்டு. ஆக நாலு.
"இன்னொரு தரம் நிக்கவா?" என்றார்,
வெட்கமே இல்லாமல்.

அன்று மாலை ஒன்றுக்கு ஒன்று.
நுரை அடங்கி, தடித்து, பேச்சை நிறுத்தியது.
கரண்டியைத் தூக்கினேன்.
வேலைக்குக் கிளம்பியவர்
சட்டைப் பொத்தானைப் பாதியில் விட்டு
பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

சொட்டு நுனிக்கு வந்து
யோசித்தது.