மேல்நோக்கி இறங்குதல்

பலாலியில் நான் நிரப்பும் படிவத்தில்
முகில் உண்டு, காற்று உண்டு, பார்வைத் தூரம் உண்டு.
மலைக்குக் கட்டம் இல்லை.
இந்தக் குடாநாட்டில் மலை இருப்பது
கீரிமலையின் பெயரில் மட்டும்.
அதுவும் போய்ப் பார்த்தால் கேணி.

ஆகவே மச்சாள் சுபோதினி
சியோனிலிருந்து சனிக்கிழமைகளில் கேட்பதற்கு
என்னிடம் பதில் இருந்ததில்லை.
"பள்ளத்தாக்குக்குள்ள காத்து எந்தப் பக்கம் புரளும், சொல்லு?"
நான் என்னத்தைக் கண்டேன்.
இங்கே காற்று கடலால் வந்து கடலால் போகிறது,
இடையில் கொஞ்சம் வெங்காயத் தோட்டம்.

கிழமை நாளில் அவள் பல் கட்டுகிறாள்.
ஓய்வு நாளில்
நாலு பேர் பங்குபோட்டு வாங்கிய சின்ன விமானத்தில்
சறுக்குப் பலகைகளைச் சரித்து வைத்துக்கொண்டு
ஆல்ப்ஸின் தோளுக்கு ஏறுகிறாள்,
வழுக்கிக் கீழே வருவதற்கு.

மணித்தியாலத்துக்கு எவ்வளவு எண்ணெய் என்று கேட்டேன்.
சொன்னாள்.
ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டுப்
பேசாமல் இருந்தேன்.

தை மாத லீவில் வந்தவளை
மோட்டார் சைக்கிளில் மணற்காட்டுக்குக் கொண்டுபோனேன்.
எங்களிடம் உள்ள உயரம் அவ்வளவுதான்:
ஒரு தென்னையளவு வெள்ளை மணல்,
பின்னால் சவுக்கு மரங்கள்.

சப்பாத்தைக் கழற்றிவிட்டு விளக்கத் தொடங்கினாள்.
அங்கே ஓடுபாதை சரிவில் கிடக்கிறது.
மலையைப் பார்த்தபடி மேல்நோக்கித்தான் இறங்கவேண்டும்.
கீழ்நோக்கித்தான் ஏறவேண்டும்.
"விசர்க் கதை" என்றேன்.
உள்ளங்கையை மணலில் சரித்து வைத்துக் காட்டினாள்.
விரல் நுனிவரை பாதை,
நகத்துக்கு அப்பால் பாறை.
மணிக்கட்டைத் தாண்டிவிட்டால்
மனம் மாற இடமில்லை.

அதைவிடப் பொல்லாதது
நிழலில்லாத வெள்ளை என்றாள்.
முகில் மூடிய நாளில்
பனி எங்கே தொடங்குகிறதென்று கண் சொல்லாது.
பத்தடியோ, நூறடியோ.
அந்தக் காலத்து ஓட்டிகள்
கறுப்பாய் ஏதாவது எறிவார்களாம்,
ஒரு பைன் கொப்பு.
அது கிடக்கிற இடம் தரை.

எனக்குத் தெரிந்த எறிதல் வேறு.
எட்டு வயதில் பங்கருக்குள் குந்தியிருந்து
சத்தத்தை வைத்தே சொல்லுவேன்
எது பார்க்க வந்தது, எது போட வந்தது என்று.
என் முழங்காலை இறுக்கிப் பிடித்தபடி
அவளும் அதே குழிக்குள் இருந்தவள்தான்.
பிறகு அவள் ஓட்டப் போனாள்.
நான் வானத்தை
மணிக்கொருமுறை எழுதும் வேலைக்கு வந்தேன்.
இதைப்பற்றி நாங்கள் கதைத்ததில்லை.
அன்றைக்கும் கதைக்கவில்லை.

கரைவலைக்காரர் ஒருவரிடம்
மீன்பெட்டியின் ரெஜிபோம் மூடியை இரந்து வாங்கினாள்.
சூடை மணம்.
என்னை அதில் இருத்திப்
பின்னால் தானும் ஏறி,
"முன்னுக்குச் சாய், பயந்தால் பின்னுக்குச் சாய்வாய்,
சாயாதை" என்றாள்.
பாதி வழியில் மூடி உடைந்தது.
மீதி வழியை நாங்களே வந்தோம்.
வாயில் மணல், காதில் மணல்,
என் இடதுகால் பாட்டாச் செருப்பு எங்கோ.
திரும்ப மேலே ஏறி நின்று
கண்ணுக்குக் கைமறைப்புக் கட்டிப் பார்த்தாள்.
உச்சி வெயில். எங்கும் நிழலில்லை.
"அந்தா" என்றாள்.
சிவப்பாய் ஒரு பொட்டு.

போகும்போது அந்தச் செருப்பைக் கேட்டு வாங்கிப் போனாள்.
ஒற்றையை வைத்து என்ன செய்வாய் என்றதற்குச் சிரித்தாள்.

மாசி கடைசியில் படம் ஒன்று அனுப்பினாள்.
சட்டம் முழுக்க வெள்ளை,
மேலே கொஞ்சம் இறக்கை,
நடுவே எள்ளளவு சிவப்பு.
"தரை தெரிஞ்சுது" என்று எழுதியிருந்தாள்.

திருப்பி எடுத்தியோ என்று கேட்டேன்.
இன்னும் பதில் இல்லை. அங்கே முகில் போல.
இங்கே மூன்று மணி:
காற்று வடகிழக்கு, பார்வை பத்துக் கிலோமீற்றர்.
வலதுகால் செருப்பு அவதான நிலைய வாசலில்,
எறியாமல் வைத்திருக்கிறேன்.