நானூற்றுப் பதினேழு

ஃபாலுனில் பெட்ரோல் போட்டோம்.
அங்கே வீடுகள் எல்லாம் ஒரே சிவப்பு,
செம்புச் சுரங்கத்தின் கழிவு மண்ணைக் காய்ச்சிப் பூசியது.
மலையின் துரு, என்றேன்.
துரு இல்லை, காவி, என்று திருத்தினான் சிக்ஸ்தன்.
இந்தத் திருத்தல்களுக்காகத்தான்
மூன்று வருஷம் முன்பு கையெழுத்துப் போட்டுப் பிரிந்தோம்.
கார் மட்டும் இன்னும் இருவர் பெயரிலும் ஓடுகிறது.

சாம்பல் கிண்ணத்தில் அவன் அப்பாவின் பித்தளை வில்லை.
எண் நானூற்றுப் பதினேழு.
இறங்கும்போது பலகையிலிருந்து எடுத்துப்போக வேண்டும்,
ஏறி வந்ததும் மாட்ட வேண்டும்.
கொக்கி காலி என்றால் ஆள் இன்னும் கீழே.
ஓய்வு பெற்ற அன்று ஹியால்மர்
கோட்டுப் பையோடு அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.
பலகையின் கணக்கில்
முப்பத்தோரு வருஷமாக அவர் கீழேயே இருக்கிறார்.
செத்தது என்னவோ மருத்துவமனையில்,
பனிச்சறுக்குப் போட்டி பார்த்தபடி,
சத்தத்தைக் கூட்டச் சொல்லிக்கொண்டே.

திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றான் மகன்.
அவனுக்கு இரவில் கண் தெரியாது. அதனால் நான்.
இரவே வராத மாதம் இது என்பது
பாதி வழியில்தான் எங்களுக்கு உறைத்தது.

ஏரி. பைன். ஏரி.
வெள்ளி தீர்ந்துபோன ஓர் ஊரில்
அணியே இல்லாத கால்பந்துத் திடலில்
ஒருவர் புல் வெட்டிக்கொண்டிருந்தார்.
யாருக்காக என்று கேட்டேன்.
வெட்டாவிட்டால் வளர்ந்துவிடுமே, என்றார்.
இலவங்கப்பட்டை ரொட்டி நேற்றையது, காப்பி அதற்கும் முந்தியது.
பிறகு நடுச்சாலையில் ஐந்து கலைமான்கள்;
இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம்.
அவன் தூங்கிப்போனான், வாய் திறந்து,
குறட்டையில் மட்டும் யாரையும் திருத்தாமல்.

கீரூனாவுக்கு அடியில் இரும்பு.
தோண்டத் தோண்ட மேலே தரை விரிகிறது,
அதனால் ஊரையே நகர்த்துகிறார்கள்.
கோவில்கூட சக்கரம் ஏறிப் போய்விட்டதாம்.
எங்கள் வரைபடம் காட்டிய தெருவில்
வேலியும் ஓர் அறிவிப்பும் நின்றன.

புது அலுவலகத்தில் மாரெத் என்ற பெண்
வில்லையை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள்.
பலகை இப்போது இல்லை, எல்லாம் சில்லு, என்றாள்.
எண்ணைத் தட்டினாள்.
"இந்த எண் வேலையில் இருக்கிறது."
யார்?
"பெயர் சொல்லக் கூடாது. பெண். வயது இருபத்தாறு.
இன்னும் நாற்பது நிமிஷத்தில் மேலே வருவாள்."

சிக்ஸ்தன் உட்கார்ந்துவிட்டான்.
நாற்பத்திரண்டாவது நிமிஷம் திரையில் எதுவோ பச்சையானது.
வந்துவிட்டாள், என்றாள் மாரெத்.
அவன் எழுந்து கைகுலுக்கினான்,
வில்லையை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டான்.
இதற்கா ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் என்று
நான் கேட்கவில்லை.

விடுதியில் தனித்தனி அறை. நடுவே மெல்லிய பலகைச் சுவர்.
அதிகாலை ஒன்றரைக்குக் கீழே வெடி வைத்தார்கள்.
பல் துலக்கும் குவளை கண்ணாடித் தட்டில் நடுங்கியது.
சுவரைத் தட்டினேன்:
கேட்டதா?

கேட்கவில்லை, என்றான் அந்தப் பக்கமிருந்து.
அதிர்ந்தது.