மிதி, பிடி, விடு

விலைப்பட்டியலில்
சிவப்புக் காலிப்பர் ஆறு பிஸ்டனோடு சிரித்தது.
"உன் வீல் பதினான்கு அங்குலம்" என்றான் ஸுல்ஹில்மி,
"இது உள்ளேயே போகாது.
வீல் மாற்றினால் டயர் மாற்றணும்,
டயர் மாற்றினால் நீ வீடு மாற்றணும்."
காக்கி புக்கிட்டில் இரண்டாம் மாடிப் பட்டறை.
கருவிப் பெட்டிமேல் பாதி தின்ற எப்போக்-எப்போக்.

எங்கே ஓட்டுகிறாய் என்று கேட்டான்.
யூனோசிலிருந்து பிரேடல், பிரேடலிலிருந்து யூனோஸ்.
ஞாயிறென்றால் லிம் சூ காங் முனைவரை போய்
கடலைப் பார்க்காமல் திரும்புவேன்.
தொண்ணூறைத் தாண்டினால் கேமரா,
தாண்டாவிட்டால் முன்னால் ஒரு சிமெண்ட் லாரி.
"அப்போ ரேஸ் பேட் வேண்டாம்.
அது கொதித்தால்தான் கடிக்கும்.
உனக்கு வேண்டியது
முதல் மிதியிலேயே கண் விழிப்பது."

காருக்கு வயது இருபத்தெட்டு.
ஐந்தாண்டு நீட்டிப்பு, அதற்குமேல் நீட்டிப்பில்லை.
இன்னும் பதினான்கு மாதம்.
தேதி கடிதத்திலேயே அச்சாகியிருக்கிறது,
நம் யாருக்கும் வாய்க்காத துல்லியத்தோடு.
நசுக்கப் போகிற வண்டிக்கு
எஃகுப் பின்னல் குழாய் எதற்கென்று
அலுவலகத்தில் கேட்டார்கள்.
பதினான்கு மாதமும்
அதற்குள் உட்கார்ந்திருப்பது நான்தானே.

நான் இருக்கையில். அவன் பின்சக்கரத்தடியில்,
முகமில்லாத குரலாக:
தெக்கான். மிதித்தேன்.
தாஹான். பிடித்தேன், திருகைத் திறந்தான்,
பெடல் மெல்லத் தாழ்ந்தது.
மூடினான். லெப்பாஸ். விட்டேன்.
கண்ணாடிக் குழாயில் இறங்கியது பழைய திரவம்,
பால் விடாத தேநீர் நிறத்தில்,
இடையிடையே குமிழ்.
இந்த எண்ணெய் ஈரம் குடிக்குமாம்.
மூடிவைத்த கலத்துக்குள்ளும் இந்த ஊர்க் காற்று நுழைந்து
எத்தனை டிசம்பரைக் குடித்துக் கிடந்ததோ.
நாற்பது முறை. கெண்டைக்கால் துடித்தது.
நாற்பத்தோராவதில்
காலடியில் பஞ்சு போய்
தரை வந்தது.

அன்றிரவே லிம் சூ காங்.
அறுபதிலிருந்து பத்து, மறுபடி அறுபது, மறுபடி பத்து.
எட்டு முறை. எங்கும் நின்றுவிடக் கூடாது,
சூட்டில் நின்றால் டிஸ்க்கில் தழும்பு விழும்.
நிற்கப் பழகுவதற்கு
நிற்காமலே ஓடினோம்.
ஜன்னல் வழியே கருகிய நெடி.
"கார் எரியுதா?" என்றாள் சுகிர்தா.
"பக்குவப்படுது" என்றேன்.
"ஓ" என்றாள்.

அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு.
பெடல் கிடையாது, குழாய் கிடையாது.
கல்யாணமான வாரத்திலிருந்து மிதிக்கிறாள்.
இடப்பக்கக் கால்மிதியில்
குதிகால் அளவுக்கு ஒரு வட்டம் தேய்ந்திருக்கிறது.

வியாழன் மாலை, பிரேடல் சாலை, மழை.
உணவுப் பை சுமந்த மோட்டார்சைக்கிள் ஒன்று
முன்னால் சாய்ந்து படுத்தது.
ஏபிஎஸ் இல்லாத கார்.
சக்கரம் பூட்டிக்கொள்ளும் நொடியில்
ஒரு நூல் விட்டு, மறுபடி அழுத்தி,
மறுபடி ஒரு நூல்.
நின்றது.
பம்பருக்கும் அந்தப் பையனின் ஹெல்மெட்டுக்கும் நடுவே
ஒரு பாய் விரிக்கலாம், ஒற்றைப் பாய்.
எழுந்தவன் என்னைப் பார்க்கவில்லை,
பையைத் திறந்து சூப்பைப் பார்த்தான்.

குனிந்தேன். சுகிர்தாவின் வலக்கால்
இன்னும் தரையோடு தரையாக,
செருப்புக்குள் விரல்கள் வெளுத்து.
"உன்னுடையதையும் ஸுல்ஹில்மியிடம் காட்டலாமா?"
"என்னுடையது எப்போதும் பிடிக்கும்" என்றாள்.
யார் மிதித்ததில் நின்றது என்று
அதன்பின் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

காலை ஆறரைக்குக் கார்ப்பார்க் சரிவில்
குளிர்ந்த பேட் கீச்சென்கிறது.
நாயோடு இறங்கும் திருமதி குவெக் முறைக்கிறார்.
நாய் மட்டும்
தலையைச் சாய்த்து
நின்று கேட்கிறது.