ரோமம் கத்தரித்த நாள்

கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கூலி பேசி
லியோனி ஹாட்ரிலின் மேற்கு வேலியைப் பிடுங்கினேன்.
பதினோரு கிலோமீட்டர்.
இந்தப் பக்கம் உப்பு பூத்த நிலம்,
அந்தப் பக்கமும் அதே.
எதை எதிலிருந்து தடுக்க?

பழைய கம்பிக்குக் குணம் சரியில்லை.
சுருட்டும்போது அடங்கி
கட்டும்போது துள்ளிக்
கன்னத்தைக் கிழிக்கும்.
பெர்த் வரை நாலு மணி நேரம்;
காயலாங்கடைக்காரன் தருவது டீசலுக்கே கட்டாது.
"இங்கேயே போட்டுட்டுப் போ, கிளெம்" என்றாள்.
போட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த முறை அந்த வழி போகையில்
உப்பின் நடுவே நாலு கால் நின்றது.
கால் மட்டும்.
தண்ணீர் கசந்துபோன ஆழ்துளைக் கிணற்றிலிருந்து
உருவிய குழாய்கள்,
ரயில் கட்டைகளில் புதைத்து நிறுத்தியிருந்தாள்.

பிறகு முதுகு, விலா, கழுத்து,
எல்லாம் என் கம்பி.
எந்தக் காலத்திலோ எவனோ அவசரத்தில் போட்ட
ஒரு அசிங்கமான முடிச்சு
நடுவிலாவில் அப்படியே இருந்தது.
காதுக்குக் கலப்பைத் தட்டு.
ஒரு கண் மருந்து டிரம்மின் மூடி,
இன்னொன்று டொயோட்டா சக்கர மூடி.
கூரை உயரத்துக்கு ஒரு செம்மறி.

"ஏன் ஆடு?"
"யானைக்குக் கம்பி பத்தலை."

அவள் கணக்கு வேறாக இருந்தது.
சாயங்கால வெயில் விலாக்களுக்குள் நுழைந்து
வெள்ளைத் தரையில்
கோடு கோடாய் விழ வேண்டும்.
விழுந்தது. நானே பார்த்தேன்.
மதுக்கடையில் அதற்கு வைத்த பெயர் மொட்டை.

பிப்ரவரிக் கடைசியில்
கிழக்குக் காற்று கிளம்பியது.
வேரை விட்டுக் கழன்ற உருள்செடிகள்
முட்பந்து முட்பந்தாய்ப் புரண்டு வந்தன.
வேலி இருந்திருந்தால் வேலியில் நின்றிருக்கும்.
அதைத்தான் நான் பிடுங்கிவிட்டேனே,
காசு வாங்கிக்கொண்டு.
விடிந்து பார்த்தால்
ஆட்டுக்கு மயிர் முளைத்திருந்தது.
அடிவயிறு வரை அடர்ந்து, பழுப்பாக,
கழுத்தில் மடிப்புகூட விழுந்து.

ஊரே வந்து படம் எடுத்தது.
லியோனி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.
கோடெல்லாம் போய்
தரையில் கிடந்தது
ஒரு மூட்டை நிழல்.

ஒன்பதாம் நாள் கவுன்சிலின் கடிதம் வந்தது:
தீ அபாயம்,
பதினான்கு நாளுக்குள் அகற்றவும்.
தீயணைப்புத் தொண்டர்களின் தலைவன்
ஆந்தே வுகோவிச்.
சங்கிலியோடு டிராக்டரில் வருவான் என்று
வாசலில் காத்திருந்தோம்.
வண்டியிலிருந்து வைக்கோல் கவையை இறக்கினான்.
"அகற்றச் சொல்லியிருக்கான்.
எதைன்னு எழுதலை."

கத்தரித்தோம்.
கையுறைக்குள் முள் ஏறி
விரல்கள் வீங்கின.
முன்பு கொட்டகை கொட்டகையாய் ரோமம் வெட்டித் திரிந்த
மூன்று பேர் இருந்தார்கள்.
வயிற்றிலிருந்துதான் தொடங்கணும் என்று ஒருவன்,
ஏணி போட்டு முதுகில் ஏறியவனைக்
கெட்ட வார்த்தையில் இறக்கினான்.
அதன்பின் ஒழுங்காக நடந்தது:
வயிறு, பின்தொடை, இடப்பக்கம், கழுத்து.
நெருப்பு வைக்க மே மாதம்வரை தடை.
சாக்குகளைக் கட்டிச் சரளைக் குழியில் இறக்கினோம்.
நாற்பத்திரண்டு.
ஆந்தே சாக்கட்டியால் முன்னங்காலில் எழுதினான்:
ஒரு ஆடு.

சூரியன் இறங்கும் நேரம்.
கோடுகள் திரும்பி வந்தன,
அங்கங்கே எடுக்காமல் விட்ட முள்ளோடு,
கொஞ்சம் மயிர்க்கால் தெரிய.
லியோனி அதைக் குனிந்து பார்த்தாள்.
"அதை விட்டுடுங்க" என்றாள்.

இந்த வருஷம் மார்ச் பாதி போய்விட்டது.
கொடிக்கம்பத்துத் துணி அசையவில்லை.
ஆடு மொட்டையாகவே நிற்கிறது.
ஆந்தே இரண்டு முறை போன் பண்ணிவிட்டான்,
காற்றைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று.
எனக்கென்ன தெரியும்?
நான் வேலி பிடுங்குகிறவன்.
கவை என் வண்டியில்தான் கிடக்கிறது.