ஐந்தில் மூன்றாம் நாள்

நேற்று வரைந்த வயிறு இன்று செல்லாது.
காலை எட்டு பத்து. க்ரோனிங்கன்.
வெளியே சைக்கிள்களின் மேல் ஜூன் மழை.
உள்ளே காந்தம் தட்டுகிறது,
பூட்டிய வீட்டுக்குள் யார் கையிலோ
சுத்தியல் அகப்பட்டதுபோல.

மேசையில் வொப்பே. வயது அறுபத்தெட்டு.
கணையத்தின் தலையில் மூன்றரை சென்டிமீட்டர்.
அதை ஒட்டியே, ஒண்டுக் குடித்தனமாக,
முன்சிறுகுடல்.
அதன் சுவரில் கதிர் கூடினால் புண், பிறகு ஓட்டை.
பயந்து ஒதுங்கினால் கட்டி பிழைத்துக்கொள்ளும்.
நடுவே மூன்று மில்லிமீட்டர்.
அதுவும் நேற்றைய கணக்கு.

குடல் சொன்ன இடத்தில் இருக்கிற பிறவியா?
காற்று சேர்ந்தால் உப்பும்.
மூச்சுக்கு மூச்சு ஈரல் இறங்கி இடிக்கும்.
அதனால் தினமும் படம், தினமும் கோடு.
கட்டிக்குச் சிவப்பு. முன்சிறுகுடலுக்கு மஞ்சள்.
இரைப்பைக்குப் பச்சை, யார் முடிவு செய்தார்களோ.
நான் வரைகிறேன். ஓக்கெ கணக்குப் போடுகிறான்.
டாக்டர் ரூயார்டி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
சரி என்பார், அல்லது ம்ம் என்பார்.
ம்ம் என்றால் மறுபடி.

வாடன் கடலில் மிதவை வைக்கும் கப்பலில்
முப்பத்தொரு வருஷம் இருந்தவர் வொப்பே.
அங்கே மணல் நகரும், ஆழம் இடம் மாறும்,
மிதவையைப் பிடுங்கி வேறிடத்தில் விடுவார்கள்.
இதையெல்லாம் அவர் சொல்லவில்லை.
கோப்பில் 'தொழில்' என்ற கட்டத்தில் ஒரு சொல் இருந்தது,
மிச்சத்தை நான் தேடிப் படித்தேன்.
நான் வரைவதை முதல் நாள் எட்டிப் பார்த்து
அவர் சொன்னது ஒன்றுதான்:
"எங்களுக்கு இந்த வேலைக்கு நாற்காலி கிடையாது."

இன்று படம் வந்ததும்
ஓக்கெ தன் நாற்காலியை முன்னே இழுத்தான்.
நேற்று சுருங்கிக் கிடந்த இரைப்பை
இன்று ஊருக்குப் புறப்பட்ட மூட்டை.
அது மஞ்சளைத் தள்ள, மஞ்சள் சிவப்பின் மேல் சாய,
மூன்று மில்லிமீட்டர் எங்கேயும் இல்லை.

ஒலிவாங்கியை அழுத்தினேன்.
"வெறும் வயிறுன்னு சொன்னீங்களே, வொப்பே?"
காந்தம் தட்டியது. பிறகு,
"ஒரு மீன்."
"ஒண்ணா?"
"ரெண்டு. வெங்காயத்தோட."

இந்த வருஷத்து முதல் ஹெரிங்.
லாவர்சோக் பஸ்ஸை விட்டு இறங்கினால்
எதிரே வண்டிக்கடை, ஏழு மணிக்கே திறந்திருக்கிறான்.
"பசிச்சுது," என்றார்,
தனக்கே நம்பிக்கை வராத செய்தியைச் சொல்கிற குரலில்.
"ஏப்ரலுக்கு அப்புறம் இன்னைக்குத்தான்."

யாரும் பேசவில்லை.
ரூயார்டி கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.
மதியப் பட்டியலில் இடமில்லை.
எட்டு கிரே போகவேண்டிய கட்டியில்
மஞ்சள் தொடும் ஓரத்துக்கு ஐந்தரை,
அதற்கு மேல் இன்று முடியாது.
வரைந்தேன். ம்ம்.
மீன்களைச் சுற்றிப் பச்சையை இன்னும் அகலமாய் இழுத்தேன்.
ம்ம். அழித்தேன். வரைந்தேன்.
இருபத்திரண்டு நிமிஷம்
அவர் அந்தக் குழாய்க்குள் அசையாமல் கிடந்தார்,
அசைந்தால் எல்லாம் முதலிலிருந்து என்று தெரிந்து.
சரி.

"மூச்சை இழுங்க. பிடிச்சுக்கோங்க."
கட்டி கோட்டுக்குள் வந்து நின்றது.
கதிர் போனது.
மூச்சை விட்டார், கதிர் நின்றது.
பிடித்தார், போனது.

சட்டைப் பொத்தானைப் போட்டபடி கேட்டார்:
"இன்னைக்குக் குறைச்சலா?"
ஓரத்தில், என்றேன்.
எவ்வளவு என்று கேட்பார் என நினைத்தேன்.
"நாளைக்கு வெறும் வயிறு," என்றார்.
"நாளைக்கு வெறும் வயிறு," என்றேன்.

கோப்பில் எழுதவேண்டும்.
திட்டம் மாறிய காரணம்: இரைப்பை நிறைவு.
அதன் கீழே 'குறிப்பு' என்றொரு கட்டம்,
வழக்கமாக வெறுமையாய் விடுவேன்.
பசி வந்திருக்கிறது, என்று தட்டினேன்.
கோடுகளோடு அதுவும் போய் எங்கோ சேர்ந்தது.

அடுத்த பெயரைக் கூப்பிட வெளியே வந்தால்
காத்திருக்கும் கூடம் முழுக்க
லேசாய் வெங்காய வாசம்.